மிதித்தும் எழாத வில்லிஸ் ஜீப்: 6 வோல்ட்டிலேயே நிற்பதா, 8-க்கா, 12-க்கா?

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி., அதே வடிவமைப்பில் ஃபோர்டு தயாரித்த ஜி.பி.டபிள்யூ. இரண்டுமே 6 வோல்ட் வண்டிகள். ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில் தரையில் துருத்திக்கொண்டிருக்கும் சுவிட்சைக் காலால் மிதித்தால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றி இன்ஜின் பிடிக்க வேண்டும். அது சோம்பலாக இரண்டு சுற்று இழுத்துவிட்டு நின்றுபோனால், யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "12 வோல்ட்டுக்கு மாத்திடுங்க சார்." சிலர் நடுவழியாக 8 வோல்ட் பேட்டரியைச் சொல்வார்கள். இருக்கிற 6 வோல்ட்டையே ஒழுங்காக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் குறைவு.

மூன்றுக்கும் செலவு வேறு, வேலை வேறு, பின்னால் வரும் தலைவலியும் வேறு. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக 12-க்குப் போவது பெரும்பாலும் வீண் செலவு. ஐரோப்பாவின் ஆர்டென்ஸ் பனியிலும் பர்மா மழையிலும் இந்த வண்டிகள் எழுந்தது 6 வோல்ட்டில்தான். 12-க்குப் போக நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அவை வேறு காரணங்கள்.

வண்டி உண்மையிலேயே 6 வோல்ட்டா?

இந்தியாவில் 'வில்லிஸ்' என்று கைமாறும் ஜீப்புகளில் பாடி ஒரு காலத்தது, இன்ஜின் இன்னொரு காலத்தது என்பது சர்வசாதாரணம். 1947-ல் மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது முதல் உதிரிபாகங்கள் ஒன்றோடொன்று கலந்துகொண்டே வந்திருக்கின்றன. போர்க்கால இன்ஜின் பக்கவாட்டு வால்வு கொண்டது. ஹெட் தட்டையாக இருக்கும், அதன் மேல் நாலு ப்ளக்கும் வரிசையாக நிற்கும். ஹெட்டுக்கு மேலே வால்வு கவர் தெரிந்தால் அது பிற்கால ஹரிகேன் இன்ஜின். பேட்டரியில் மூடி மூன்றா ஆறா என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள்.

செல்ஃபின் பல் வந்து கடிக்கும் ஃப்ளைவீல் ரிங் கியரின் பற்களையும் எண்ணி எழுதி வையுங்கள். பழைய 6 வோல்ட் இன்ஜினில் 97 பல், பிற்கால 12 வோல்ட்டில் 129 பல். இந்த எண் பின்னால் தேவைப்படும். 1950-க்குப் பின் வந்த எம்38 ராணுவ ஜீப் 24 வோல்ட் வண்டி, இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. அதன் கதை தனி, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

பணம் செலவில்லாத சோதனை

முன் பம்பர் வழியாக கிராங்க் ஹேண்டிலை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், இக்னிஷன் ஆன். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றிக் கொடுக்கக் கூடாது, மற்ற நாலு விரலும் இருக்கும் பக்கத்திலேயே அதுவும் இருக்கட்டும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

ஹேண்டிலில் இரண்டு மூன்று இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது, செல்ஃபில் மட்டும் பிடிக்கவில்லை என்றால், கார்புரேட்டரையும் டைமிங்கையும் (ப்ளக்கில் பொறி விழும் நேரம்) தொடவே வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது அது பேட்டரியை 4 வோல்ட் வரை இறக்கிவிடுகிறது. அந்த 4 வோல்ட்டில் காயில் (வோல்ட்டை உயர்த்தி ப்ளக்குக்குத் தரும் சுருள்) தரும் பொறி ப்ளக்கில் குதிக்கப் போதாது. ஹேண்டிலில் சுற்றும்போது காயிலுக்கு முழு 6 வோல்ட்டும் கிடைக்கிறது. இதே கோளாறுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: மிதித்துக்கொண்டிருக்கும் வரை பிடிக்காத இன்ஜின், காலை எடுக்கும் அந்த நொடியில் 'டப்' என்று பிடிக்கும். காலை எடுத்ததும் வோல்ட் ஏறுவதுதான் காரணம்.

ஹேண்டிலிலும் பிடிக்கவில்லை என்றால் எத்தனை வோல்ட்டுக்கு மாற்றினாலும் பிடிக்காது. பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்), அதில் பொறி பறக்காமல் காக்கும் கன்டென்சர், பெட்ரோல், கம்ப்ரெஷன் என்று தேட வேண்டும். அதற்குக் கீழே வருகிறோம்.

முதல் வழி: 6 வோல்ட்டைச் சீர்செய்வது

ஏன் 6 வோல்ட் வண்டி இணைப்புகளில் இவ்வளவு கறாராக இருக்கிறது? ஒரு கணக்கு போட்டால் தெரிந்துவிடும். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள், சுவிட்ச், எர்த் (வண்டியின் இரும்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும் பாதை) எல்லாம் சேர்ந்து 5 மில்லிஓம் தடை இருந்தால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். 6-ல் 1 என்பது கிட்டத்தட்ட 17 சதவீதம். இதே வேலையை 12 வோல்ட்டில் செய்ய 100 ஆம்பியர் போதும். அதே தடையில் போவது அரை வோல்ட், அதாவது 4 சதவீதம்தான். ஒரே கேபிள், ஒரே துரு, 6 வோல்ட்டில் அடி நாலு மடங்கு. 12 வோல்ட்காரர் கவனிக்காமலே வருடக்கணக்கில் ஓட்டும் துருப்பிடித்த லக் (கேபிள் நுனியில் போல்ட் ஏறும் கண்), 6 வோல்ட் வண்டியைப் படுக்க வைத்துவிடும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது கேபிள். கடையில் 'ஜீப் பேட்டரி கேபிள்' என்று கேட்டால் பெரும்பாலும் 12 வோல்ட் வண்டிக்கான 16 அல்லது 25 ஸ்கொயர் எம்.எம். ஒயரைத் தருவார்கள். அது போதாது. 6 வோல்ட்டுக்குக் குறைந்தது 50, முடிந்தால் 70 ஸ்கொயர் எம்.எம். செம்பு வேண்டும். வெல்டிங் கேபிள் நன்றாகப் பொருந்தும், வளைந்தும் கொடுக்கும். பார்வைக்குத் தடிமனாக இருப்பதை நம்பாதீர்கள், உறை மட்டும் தடிமனாக இருக்கலாம். லக்கை ஹைட்ராலிக் க்ரிம்பரில் நசுக்கிப் பொருத்துங்கள். சுத்தியால் தட்டி ஈயம் ஊற்றியது முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது எர்த். புதிதாக ரெஸ்டோர் செய்து ஆலிவ் பச்சையில் பளபளக்கும் ஜீப்புகளில்தான் இந்தக் கோளாறு அதிகம். சேஸிஸ், இன்ஜின், செல்ஃப் பாடி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக பெயின்ட் அடித்துவிட்டு, அந்தப் பெயின்ட்டின் மேலேயே லக்கை வைத்து போல்ட் முறுக்கியிருப்பார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை இல்லையென்றால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள் சூடாகி லேசாகப் புகைந்தால் காரணம் அதுதான், செல்ஃபின் எர்த் முழுக்க அந்த மெல்லிய கம்பி வழியே போகிறது. ரேடியோ இரைச்சலைத் தடுக்க ராணுவம் போட்ட சிறு பட்டைகளைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அவை செல்ஃபின் சுமைக்கு ஆனவை அல்ல.

லக் உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். செல்ஃப் பொருந்தும் முகத்திலும் பெயின்ட் இருக்கக் கூடாது. இதைவிட நல்ல வழி, பேட்டரி நெகடிவிலிருந்து செல்ஃபைப் பிடிக்கும் போல்ட்டுக்கே நேராக ஒரு தடித்த கேபிள் போட்டுவிடுவது. அசல் அமைப்பில் இது இல்லை, ஆனால் யார் கண்ணிலும் படாது.

சரியாக வந்ததா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். இக்னிஷன் ஆஃப், ஒருவர் மிதிக்க வேண்டும், இன்னொருவர் அளக்க வேண்டும். மீட்டரை 2 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். மீட்டர் ஒயரின் கூர்முனையை பேட்டரியின் ஈயக் கட்டையின் மேலேயே வைக்க வேண்டும், டெர்மினலின் மேல் அல்ல. பேட்டரி பாசிடிவ் கட்டையிலிருந்து சுவிட்ச் வரை 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. சுவிட்சின் இரு பக்கத்துக்கும் இடையே 0.1. நெகடிவ் கட்டைக்கும் செல்ஃப் பாடிக்கும் இடையே 0.2. எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. மீட்டர் இல்லையென்றால் பத்து நொடி சுற்றிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள், சுடுவதுதான் குற்றவாளி.

கால் சுவிட்சின் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கருகிக் குழிந்திருப்பது வழக்கம். அரத்தால் சமமாக்கலாம். குழி ஆழமாக இருந்தால் தகட்டைத் திருப்பிப் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் செல்ஃப் தொய்ந்தால் அதைக் கழற்ற வேண்டியதுதான். செல்ஃப்-டைனமோ வேலை பார்க்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போது புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் (தண்டு சுற்றும் உலோக வளையம்) தேய்ந்தால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் சாய்ந்து, அதைச் சுற்றியுள்ள இரும்புக் கட்டையான 'போல் ஷூ'வில் உரசும். உரசல் இருந்தால் ஆம்பியர் எகிறும், வேகம் குறையும். ஆர்மேச்சரின் மேல் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் அதுதான் சாட்சி. செல்ஃபின் பல்லை ரிங் கியருக்குத் தள்ளும் பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி ஒரு சொட்டு மெல்லிய ஆயில் விட்டால் போதும். கிரீஸ் வைத்தால் கிளட்ச் தூசி ஒட்டிக்கொண்டு, செல்ஃப் மட்டும் 'விர்'ரென்று சுற்றும், பல் போய்ச் சேராது.

6 வோல்ட் வழியில் உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்று: பேட்டரி கிடைப்பது. போர்க்காலத்தில் இதற்குப் போட்டது 116 ஆம்பியர்-அவர். பழைய புல்லட்டின் 6 வோல்ட் பேட்டரி அருகில்கூட வராது. 100 ஆம்பியர்-அவருக்கு மேல், சுமார் 26 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலத்தில் வண்டியின் பேட்டரித் தட்டில் உட்காருகிற மாதிரி கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கோல்ஃப் வண்டிகளுக்கான 6 வோல்ட் டிராக்ஷன் பேட்டரி இன்ஜினைச் சுற்றும், ஆனால் உயரமும் எடையும் அதிகம். தட்டை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். எந்த பேட்டரியானாலும் ஓய்வில் 6.3 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, சுற்றும்போது 4.8-க்குக் கீழே போகக் கூடாது. அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் மூன்று செல்லுக்கும் இடையே 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு செல் போய்விட்டது. சார்ஜ் ஏற்றிப் பயனில்லை.

8 வோல்ட்: வேண்டாம்

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் பெருமை. உண்மை அப்படி இல்லை. டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் 6 வோல்ட் ரெகுலேட்டர் 7.2 முதல் 7.4 வோல்ட் வரைதான் ஏற்றும். நாலு செல் கொண்ட 8 வோல்ட் பேட்டரி முழுசாக நிறைவதற்கு 9.6 வோல்ட்டாவது வேண்டும். ரெகுலேட்டரைத் தொடாவிட்டால் பேட்டரி ஒருநாளும் நிறையாது, உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து சீக்கிரமே சாகும். ரெகுலேட்டரைத் திருகி ஏற்றினால் அந்த 9.6 வோல்ட் 6 வோல்ட் பல்புகளுக்கும் காயிலுக்கும் போகும். பல்பு போகும், பாயின்ட் கருகும். இங்கே 8 வோல்ட்டில் ஸ்டார்ட்டிங் பேட்டரி தேடி அலைவது 6 வோல்ட் தேடுவதைவிடக் கஷ்டம். கேபிள் சரியில்லாத வண்டியில் முதல் வாரம் செல்ஃப் ஜோராகச் சுற்றும், அந்தச் சந்தோஷத்தில் கோளாறு மறைந்து கிடக்கும். அவ்வளவுதான்.

12 வோல்ட்: எப்போது, எப்படி?

இரவில் ஓட்ட வேண்டும், ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை; போன இடத்தில் பேட்டரி வாங்க வேண்டியிருக்கும்; வின்ச்சோ எலெக்ட்ரிக் பம்போ போடப்போகிறீர்கள் என்றால் 12 வோல்ட் நியாயம்தான். மலைப்பாதையில் தினசரி ஓடும் ஜீப்புக்கு எங்கள் ஓட்டும் 12-க்கே. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகிற வண்டி என்றால் 6-லேயே இருக்கட்டும். மாற்றினால் அசல் டைனமோ, ரெகுலேட்டர், பல்பு, காயில் எதையும் தூக்கிப் போடாதீர்கள், துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாற்ற வேண்டியவை பலர் நினைப்பதைவிடக் குறைவு. இந்த ஜீப்பில் ஆயில் பிரஷர் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் இயந்திர வகை, மின்சாரமே கிடையாது. அம்மீட்டர் அளப்பது ஆம்பியரை, வோல்ட் மாறினால் அதற்கு ஒன்றுமில்லை. மின்சாரத்தில் ஓடும் மீட்டர் பெட்ரோல் மீட்டர் ஒன்றுதான். அதற்கு மட்டும் வோல்டேஜ் குறைப்பான் போட வேண்டும். ஒயரிங் ஏற்கெனவே 6 வோல்ட்டுக்கான தடிமனில் இருக்கிறது, துணி உறை உதிராமல் இருந்தால் போதும். பல்பு எல்லாம் மாற்ற வேண்டும். பின்விளக்கு அடைத்த யூனிட் என்பதால் 12 வோல்ட் யூனிட் தனியாகத் தேட வேண்டியிருக்கும். ஹாரனும் மாற வேண்டும்.

காயிலில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 6 வோல்ட் காயிலின் முதல்நிலைத் தடை சுமார் ஒன்று, ஒன்றரை ஓம். அதை அப்படியே 12 வோல்ட்டில் கொடுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாயின்ட் தாங்குவது 4 ஆம்பியர் அளவுதான். அரை மணியில் காயிலைத் தொட முடியாது, பாயின்ட் நீலம் பாரித்துக் கருகும். சுமார் 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயில் போடுங்கள், அல்லது பழைய காயிலுக்கு முன்னால் 1.5 ஓம் பேலஸ்ட் ரெசிஸ்டர் (ஆம்பியரைக் குறைக்கும் தடை) போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பொறி பலவீனமாகி மறுபடி ஸ்டார்ட்டிங் தகராறு.

செல்ஃபை மாற்ற வேண்டுமா? இங்கேதான் அந்த 97 பல் வருகிறது. பிற்கால ஜீப்பின் 12 வோல்ட் செல்ஃப் 129 பல் ரிங் கியருக்கானது. 97 பல்லில் பொருந்தாது, கட்டாயப்படுத்தினால் இரண்டும் நொறுங்கும். பழைய 6 வோல்ட் செல்ஃபையே 12 வோல்ட்டில் ஓட்டுபவர்கள் ஏராளம். ஓடவும் செய்யும். ஆனால் பெண்டிக்ஸ் இரட்டை வேகத்தில் போய் மோதுவதால் அதன் ஸ்பிரிங் உடைவதும் ரிங் கியர் பல்லின் முனை சிதறுவதும் நடக்கும். மூன்று நாலு நொடிக்கு மேல் ஒரே மூச்சில் மிதிக்கக் கூடாது. இன்ஜின் பிடிக்கும்போது திருப்பி உதைத்தால் ஸ்பிரிங் போச்சு, எனவே டைமிங் 5 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய ஓட்டுகிற வண்டி என்றால் செல்ஃபின் ஃபீல்ட் காயிலை 12 வோல்ட்டுக்கு ரீவைண்ட் செய்துவிடுவது நல்லது.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடுகிறீர்கள் என்றால் சிறியதாக, 35–45 ஆம்பியர் அளவில் போதும். பெரியது போட்டால் அதன் முழு வெளியீடும் பழைய அம்மீட்டர் வழியே போய் அதைச் சுட்டுவிடும். ஜீப்பின் ஃபேன் பெல்ட் அகலமானது, ஆல்டர்னேட்டரின் குறுகலான புல்லி அதற்குச் சேராது, புல்லியை மாற்றிக் கடைந்து போட வேண்டும்.

வோல்ட் தீர்க்காத கோளாறுகள்

ஹேண்டிலிலும் எழாத வண்டிக்கு: பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ., ப்ளக் 0.75 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பாயின்ட்டைக் கையால் திறந்து மூடும்போது நல்ல நீலப் பொறி காயில் ஒயரில் 6 மி.மீ.யாவது தாண்ட வேண்டும். பாயின்ட்டிலேயே பெரிய பொறி தெரிந்து ப்ளக்கில் ஒன்றுமில்லை என்றால் கன்டென்சர். புதிது என்பதால் நல்லது என்று நம்பிவிடாதீர்கள், இன்று கிடைப்பவற்றில் மட்டமானது நிறைய. ஓடி நின்று சூடான பிறகு மட்டும் எழ மறுத்து, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுகிற வண்டியில் முதலில் மாற்ற வேண்டியது கன்டென்சர்தான்.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றால், 12 வோல்ட்டில் போடலாம். 6 வோல்ட்டில், அதுவும் செல்ஃப் சுற்றும்போது வோல்ட் சரிகிற வண்டியில், மாட்யூல் தூங்கிவிடும் ஆபத்து உண்டு. பாயின்ட்டை வழியில் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்துவிடலாம், மாட்யூல் போனால் லாரியில்தான்.

சூட்டில் எழாததற்கு பெட்ரோலும் காரணமாக இருக்கும். மூக்கை வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் வாடை தூக்கினால் உள்ளே கொதித்து வழிந்திருக்கிறது. சோக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றுங்கள். வாடையே இல்லை, ஆக்ஸிலரேட்டரை அசைத்தால் கார்புரேட்டர் தொண்டைக்குள் பீச்சு வரவில்லை என்றால் பம்ப்பில் ஆவி அடைத்திருக்கிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சில நிமிடத்தில் தெளியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டு வால்வு துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல வாரம் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் அதை நிரப்ப இருபது நொடி சுற்ற வேண்டும், 6 வோல்ட் பேட்டரி அதிலேயே களைத்துவிடும். கிண்ணத்தில் கையால் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதற்காக எலெக்ட்ரிக் பம்ப் போடுவதானால் 2 முதல் 4 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். கார்ட்டர் கார்புரேட்டரின் ஊசி அதற்கு மேல் தாங்காமல் வழியவிடும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியே ஒயர் கொடுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் கிண்ணத்தை நிரப்ப அதைத் தாண்டி ஒரு தனி பட்டனும் வேண்டும். மெக்கானிக்கல் பம்ப்பையே வைத்திருந்தால், இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் டயாஃப்ரமை அரிக்கும். எத்தனால் தாங்கும் டயாஃப்ரமும் ஹோஸும் போட்டுவிடுங்கள். ஆயில் டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்து அளவும் ஏறியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயில் சம்ப்புக்குள் போகிறது, அந்த ஆயிலில் இன்ஜினை ஓட்டவே கூடாது.

கம்ப்ரெஷன் கேஜில் ஒவ்வொரு சிலிண்டரும் 110 பி.எஸ்.ஐ. அளவில் வந்தால் மகிழ்ச்சி. 70-க்குக் கீழே போனால், அல்லது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டையும் வால்வையும் பார்க்க வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால், பக்கத்தில் 12 வோல்ட் கார் இருக்கிறது, உங்களுடையது 6 வோல்ட், நெகடிவ் எர்த். அந்த 12 வோல்ட்டை உங்கள் பேட்டரியில் மாட்டாதீர்கள். ஜம்பர் கேபிளின் நெகடிவை முதலில் ஜீப்பின் இன்ஜினில் கடியுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இக்னிஷன் ஆன். பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பாசிடிவை செல்ஃபின் மேலே இருக்கும் டெர்மினலில், அதாவது கால் சுவிட்சைத் தாண்டிய பக்கத்தில், இரண்டு நொடி மட்டும் தொடுங்கள். செல்ஃப் 12-ல் சுற்றும், காயிலுக்கு உங்கள் பேட்டரியின் 6 வோல்ட் முழுசாகப் போகும். தொடும்போது பொறி பறக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பிடித்ததும் பாசிடிவை முதலில் எடுங்கள்.